எண்பதுக்கு ஒன்று

சந்திரமோகன் கேட்டது ஒரு சின்ன இறக்கம். அதுவும் மண்ணில் இல்லை, கம்ப்யூட்டரில்.

"பார்த்தா மட்டமா தெரியணும். ஓட்டினா மட்டமா இருக்கக் கூடாது. முடியுமா ஹெலன்?"

"முடியும் சார்."

சொன்ன பிறகுதான், எதற்கு என்று கேட்கவில்லையே என்பது ஹெலனுக்கு உறைத்தது. போனின் அந்தப் பக்கம் சந்திரமோகன் திருப்தியாகத் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

அவர் வைரமுடி ஸ்டீல்ஸின் மேனேஜர். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பழைய இரும்பை உருக்கிக் கம்பி இழுக்கிற ஆலை அது. ஆலைக்குள் சொந்தமாக ஒரு ரயில் பாதை உண்டு. மெயின் லைனிலிருந்து பிரிந்து, எடைமேடையைத் தாண்டி, ஓடை மேல் ஒரு சின்னப் பாலத்தைக் கடந்து, உலைக் கொட்டகை வாசலில் ஒரு தடுப்புக் கட்டையோடு முடிந்துவிடும். அதில் வேகன்களை இழுத்துப் போகிற இன்ஜினுக்கு ஏழு டிரைவர்கள். ஏழு பேரும் காண்ட்ராக்ட். மாதா மாதம் கேட் பாஸைப் புதுப்பித்தால்தான் உள்ளே விடுவார்கள்.

அந்தப் பாதையை அச்சு அசலாகக் கம்ப்யூட்டருக்குள் கட்டித் தருவது ஹெலனின் வேலை. திருவள்ளூரில் ஒரு மாடியில் இயங்கும் குப்புராஜின் சிமுலேட்டர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடியே வேலை பார்த்தாள். ரயில் சிமுலேட்டருக்குப் பாதை கட்டுகிறவர்களில் பாதிப் பேர் சாட்டிலைட் படத்திலிருந்து மேடு பள்ளத்தை எடுத்து அப்படியே கொட்டிவிடுவார்கள். தண்டவாளம் காயப்போட்ட புடவை மாதிரி நெளியும். ஹெலன் சர்வேயரைக் கூட்டிக்கொண்டு வெயிலில் ஆலைக்குள் நடந்தாள். எங்கே ஏற்றம், எங்கே இறக்கம், எங்கே மட்டம் என்று அளந்தாள். எடைமேடை வரைக்கும் நானூறுக்கு ஒன்று இறக்கம். அதாவது நானூறு மீட்டர் போனால் ஒரு மீட்டர் கீழே. அதற்கப்புறம் கட்டை வரைக்கும் சுத்த மட்டம்.

அந்த மட்டத்தில்தான் சந்திரமோகன் கை வைத்தார்.

"பாலம் தாண்டினதும் வை. எண்பதுக்கு ஒண்ணு இருக்கட்டும். நீளம் அதிகம் வேண்டாம்."

"அங்க அந்த மாதிரி இல்லியே சார்."

"இல்லைன்னு எனக்கும் தெரியும். ஏழு பேருக்கும் டெஸ்ட் வைக்கிறோம். இத்தனை வருஷம் ஓட்டினவனை எல்லாம் பர்மனென்ட் ஆக்குன்னு லேபர் டிபார்ட்மென்ட்ல நெருக்குறாங்க. சரி, திறமையைச் சோதிச்சு ஆக்குறோம்னு சொல்லிட்டு வந்திருக்கேன். பாஸ் ஆனவன் பர்மனென்ட். ஃபெயில் ஆனவன் கேட்டுக்கு வெளியே. டெஸ்ட் கொஞ்சம் கஷ்டமா இருந்தா நல்லது."

ஏழு பேரில் ஒருவன் எட்வர்ட். ஹெலனின் புருஷன். அந்தப் பேரை சந்திரமோகன் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாது என்று ஹெலன் நினைத்துக்கொண்டாள்.

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் குப்புராஜ் இந்த வேலையை வேறு யாரிடமாவது கொடுப்பார். அப்போது இறக்கம் எந்த இடத்தில் என்று அவளுக்குத் தெரியாமல் போகும். எட்வர்டும் அதில் போய் விழுவான்.

இரண்டு நாளில் கட்டி முடித்தாள். எண்பதுக்கு ஒன்று என்பது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பக்கத்தில் நேரான பொருள் ஏதாவது இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும். பாதையை ஒட்டி ஆலையின் மதில் சுவர் ஓடுகிறது. அதையும் தண்டவாளத்தோடு சேர்த்து அதே அளவு சாய்த்தாள். விளக்குக் கம்பங்களின் உயரத்தைக் குறைத்தாள். திரையில் பார்த்தால் பெருமாள் கோயில் பிராகாரம் மாதிரி தட்டையாக இருந்தது. இன்ஜினை நிறுத்திவிட்டுக் கையை எடுத்தால் தானாக உருண்டது.

அன்று சாயங்காலம் எட்வர்டிடம் சொன்னாள்.

"இன்னாமே சொல்ற? அங்க தர தட்டு மாதிரி இருக்கும். ஒரு வேகன உட்டா உட்ட எடத்துல குந்தினு இருக்கும்."

"மண்ணுல குந்தினு இருக்கும். லேப்டாப்புல குந்தாது."

"இது போங்கு."

"ஆமா. இப்ப இன்னா செய்யலாம்ன்ற? மேனேஜரு ஊட்டுக்குப் போயி சண்ட போடறியா?"

எட்வர்ட் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தினான். "துரைண்ணன்ட்ட சொல்லணும்."

சின்னதுரை அவனோடு ஓட்டுகிற டிரைவர். பக்கத்துத் தெரு. தினமும் அவர் பைக்கில்தான் இவன் ஷிப்டுக்குப் போவான். ஹெலனின் வீட்டில் கல்யாணத்துக்கு ஒப்புக்கொள்ளாதபோது, சர்ச்சில் பெண் வீட்டுப் பக்கத்து பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தது அந்த மனுஷன்தான். கோயிலுக்குப் போகிறவர், மண்டியிடத் தெரியாமல் மண்டியிட்டார்.

"சொல்லேன்" என்றாள் ஹெலன். "அவரு கம்முனு இருப்பாரா? மத்த அஞ்சு பேருக்கும் சொல்வாரு. ஏழு பேரும் பாஸ் ஆனா, வெளிய உட்டது யாருன்னு மேனேஜரு கேப்பான். என் வேலயும் போவும், உன் வேலயும் போவும். அப்பால ரெண்டு பேரும் அவரு பைக்குல பின்னாடி குந்தினு ஊர் சுத்தலாம்."

எட்வர்ட் கை கழுவிக்கொண்டு வந்தான். நாற்காலியை இழுத்து லேப்டாப் முன்னால் போட்டான்.

"எங்க அமுக்கணும், காட்டு."

காட்டினாள். நிஜத்தில் அவன் பிரேக் பிடிக்கிற இடம் பாலம் தாண்டி இருக்கிற மஞ்சள் கம்பம். கம்ப்யூட்டரில் அங்கே பிடித்தால் கதை முடிந்திருக்கும். பாலத்துக்கு முன்னாலேயே, வண்டி ஒழுங்காக மட்டத்தில் போய்க்கொண்டிருக்கும்போதே அமுக்க வேண்டும். முதல் நாள் கட்டையில் இடித்துக்கொண்டே இருந்தான். பிறகு கை பழகிவிட்டது.

டெஸ்ட் அன்று ஆலையின் ஏ.சி. அறையில் மூன்று திரை, ஒரு இரும்பு நாற்காலி, பழைய இன்ஜினிலிருந்து கழற்றி வந்த பிரேக் கைப்பிடி. விதி எளிது. லோடு வேகன்களை இழுத்துக்கொண்டு போய்க் கட்டைக்கு முன்னால் இருக்கும் மஞ்சள் கோட்டுக்குள் நிறுத்த வேண்டும். தாண்டி இடித்தாலும் ஃபெயில், எட்டாமல் நின்றாலும் ஃபெயில். ஒரே தடவை.

சின்னதுரை முதலில் உட்கார்ந்தார்.

"இன்னா சார், எக்ஸிபிஷன்ல குட்டி ரயிலு மாதிரி கீது. டிக்கெட்டு வாங்கணுமா?"

மற்ற டிரைவர்கள் சிரித்தார்கள். சந்திரமோகனும் சிரித்தார்.

சின்னதுரை கண்ணை மூடிக்கொண்டு ஓட்டக் கூடிய பாதை. எடைமேடை வந்தது. பாலம் வந்தது. மஞ்சள் கம்பத்தில் வழக்கம் போலக் கையை இறக்கினார். வண்டி நிற்கவில்லை. முழு பிரேக்கையும் இழுத்தார். திரையில் கட்டை பெரிதாகிக்கொண்டே வந்தது. முன் சக்கரம் மேலே ஏறி, படம் கோணலாகி, சிவப்பில் எழுத்து விழுந்தது.

"பதினஞ்சு வருஷ சர்வீஸா?" என்றார் சந்திரமோகன். "உலைக்குள்ளேயே கொண்டு போய் விட்டுட்டீங்களே. உள்ளே ஆள் நிக்கிறான் சார்."

சின்னதுரை எழுந்தார். முகத்தில் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது. அறையை விட்டுப் போகாமல் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டார். அடுத்தவன் இடித்தான். அதற்கடுத்தவர்களும் இடித்தார்கள். சின்னதுரை பாதையைப் பார்ப்பதை விட்டுவிட்டு வேகமானியைப் பார்க்க ஆரம்பித்தார்.

கடைசி ஆள் எட்வர்ட்.

பாலம் தூரத்தில் தெரிந்தபோதே அவன் பிரேக்கை அமுக்கினான். எந்த டிரைவரும் அமுக்காத இடம். வேகம் பாதியாகி, பிறகு இறக்கத்தில் மெல்ல ஏறி, மஞ்சள் கோட்டின் நடுவில் வந்து வண்டி நின்றது.

யாரும் கை தட்டவில்லை. சின்னதுரை திரையைப் பார்க்கவில்லை. எட்வர்டின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து அவன் காதுக்குப் பக்கத்தில் சொன்னார்:

"நா பைக் எட்துகினு போறேன். நீ ஆட்டோல வந்துடு."

சந்திரமோகன் எட்வர்டைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார்.

"அங்கே ஏன் பிரேக் பிடிச்சே?"

"வண்டி... இழுக்கற மாதிரி இருந்துச்சு சார்."

"இரும்பு நாற்காலிப்பா அது. தரையில போல்ட் போட்டிருக்கு. அது எப்படி இழுக்கும்?"

எட்வர்ட் சாத்திய கதவைப் பார்த்தான்.

"இறக்கம் பாலத்துக்கு அந்தப் பக்கம். நீ அமுக்கினது இந்தப் பக்கம். இல்லாத இறக்கத்துக்கு முன்கூட்டியே பிரேக் பிடிச்ச ஒரே டிரைவர் நீதான்." சந்திரமோகன் டீயை ஆற்றினார். "பயப்படாதே. குப்புராஜ் ஆபீஸ்ல அத்தனை பசங்க இருக்காங்க. உன் பொண்டாட்டிதான் வேணும்னு நான் ஏன் கேட்டேன்னு நினைக்கிறே?"

எட்வர்ட் நிமிர்ந்து பார்த்தான்.

"ஏழு பேரும் ஃபெயில் ஆனா யாருமே நம்ப மாட்டாங்க. ஒருத்தன் பாஸ் ஆனா அது டெஸ்ட். அந்த ஒருத்தன் எனக்குக் கட்டுப்பட்டவனா இருக்கணும். நீ சொல்லாம இருந்ததுக்கு தேங்க்ஸ். சின்னதுரைகிட்டே சொல்லிடுவியோன்னு மட்டும் ஒரு சின்ன பயம் இருந்தது."

மறுநாள் ஆறு பேரின் கேட் பாஸும் புதுப்பிக்கப்படவில்லை.

ஆனால் சின்னதுரை வேகமானியைச் சும்மா பார்க்கவில்லை. ஐந்து பேரையும் கூட்டிக்கொண்டு போய்த் தொழிலாளர் துறை அதிகாரி திலகவதி முன்னால் நின்றார். இன்ஜினுக்கு வேகம் கொடுக்கிற கைப்பிடி பூஜ்யத்தில் இருக்கும்போது முள் மேலே போகிறது, மட்டமான தரையில் அது எப்படிப் போகும் என்று கேட்டார். திலகவதிக்குக் கேள்வி புரிந்தது. ஒரு அரசாங்க சர்வேயரோடு நேரில் வந்து அளப்பதாகச் சொன்னார்.

சந்திரமோகன் ஹெலனுக்குப் போன் போட்டார்.

"இறக்கத்தை எடுத்துடட்டுமா சார்?" என்றாள் அவள் முந்திக்கொண்டு. "ரெண்டு நிமிஷ வேல."

"வேண்டாம். ஏற்கெனவே ஓடின டெஸ்ட்டோட காப்பி அந்தம்மாகிட்ட இருக்கு. கம்ப்யூட்டரை மாத்தினா மாட்டிக்குவோம்." தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "தரையை மாத்து."

"சார்?"

"தண்டவாளத்தை எங்கே எவ்வளவு தூக்கணும், எங்கே எவ்வளவு இறக்கணும்னு கணக்குப் போட்டு அனுப்பு. உன் பாதை எப்படி இருக்கோ, அப்படியே தரை இருக்கணும்."

ஹெலன் கணக்குப் போட்டாள். பாலத்துப் பக்கம் கால் மீட்டர் தூக்கினால் போதும். கட்டைப் பக்கம் கால் மீட்டர் தோண்டினால் போதும். எடைமேடையிலிருந்து பாலம் வரைக்கும் சந்தேகம் வராதபடி மெதுவாக ஏற்றிக்கொண்டு வர வேண்டும்; அதற்கும் டெஸ்ட் காப்பிக்கும் வித்தியாசம் வராதா என்று பார்த்தாள். வந்தது. டெஸ்ட்டில் அந்தப் பகுதி மட்டம்தான், ஆனால் புகாரில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. அளக்கச் சொன்னது பாலத்துக்கு அந்தப் பக்கத்தை மட்டும். அனுப்பிவிட்டாள்.

வெளியூர் ஆட்கள் லாரியில் வந்தார்கள். ஜாக்கி வைத்துத் தண்டவாளத்தைத் தூக்கி, அடியில் உலைக் கசடைக் கொட்டி இறுக்கினார்கள். கசடு ஏற்றி வந்த இன்ஜினை ஓட்டியது எட்வர்ட். ஆலையில் வேறு டிரைவர் இல்லை. சக்கரத் துரு தெறித்து மதில் சுவரில் வருஷக்கணக்காக ஒரு பழுப்புக் கோடு விழுந்திருந்தது. பழைய தண்டவாளத்துக்கு நேராக, ஒரே மட்டமாக. அதைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, சுண்ணாம்பு அடித்தார்கள். புதுக் கசடின் மேல் எட்வர்ட் இன்ஜினை முன்னும் பின்னும் ஓட்டினான். ஆலைப் புழுதி படிந்து எல்லாம் ஒரே கறுப்பாகிவிட்டது.

திலகவதி ஆறு பேரையும் கூட்டிக்கொண்டு வந்தபோது வெயில் உச்சியில் இருந்தது. குடை பிடிக்க வந்த ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டு, புடவையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஜல்லியில் நடந்தார். சர்வேயர் கருவியை நிறுத்தினார். குறித்தார். திரும்ப ஒரு தடவை பார்த்தார்.

"எண்பதுக்கு ஒன்று மேடம். கம்ப்யூட்டர்ல இருக்கறதேதான்."

ஆறு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். சின்னதுரை கையைக் காட்டி அவர்களை அடக்கினார்.

"மேடம், இது இப்ப போட்டது. இந்தச் செவுத்துல ஒரு கோடு இருந்துச்சு. சுண்ணாம்பு அடிச்சிட்டானுங்க. சொரண்டிப் பாருங்க."

திலகவதி தன் கைப்பையிலிருந்து சாவியை எடுத்துச் சுரண்டினார். உள்ளே சுத்தமான செங்கல் தெரிந்தது.

"ஆயுத பூஜை வருதில்லையா மேடம்" என்றார் சந்திரமோகன். "வருஷா வருஷம் அடிக்கிறதுதான்."

"எத்தினி வருஷமா இங்க வேல செய்றோம், ஒரு வாட்டி அடிச்சி பாத்ததில்ல" என்றார் சின்னதுரை. பிறகு திரும்பினார். இன்ஜின் படியில் நின்றுகொண்டிருந்த எட்வர்டை, டெஸ்ட் நடந்த நாளுக்குப் பிறகு முதல் தடவையாகக் கூப்பிட்டார்.

"டேய் எட்வர்டு. எறங்கி வா."

எட்வர்ட் இறங்கி வந்தான்.

"நீ பாஸ் ஆயிட்ட. உனுக்கு இதுல ஒண்ணும் நஷ்டமில்ல. ஒண்ணே ஒண்ணு சொல்லு. இதே எடத்துல வேகன உட்டுட்டு ரெண்டு பேரும் கேன்டீனுக்குப் போவோமா இல்லியா? சக்கரத்துக்கு ஒரு கல்லு வெச்சிருப்பமா? இறக்கமா இருந்தா அது நின்னுனு இருக்குமா? போயி உலைல குந்தியிருக்கும். அத்த மட்டும் மேடத்துக்கிட்ட சொல்லு. வேற ஒண்ணும் வாணாம்."

திலகவதி எட்வர்டைப் பார்த்தார். "புகார் கொடுத்தவங்க எல்லாரும் வேலை போனவங்க. நீங்க ஒருத்தர்தான் அப்படி இல்ல. நீங்க சொல்றதை நான் எழுதிக்குவேன். இந்த இறக்கம் பழசா, புதுசா?"

சந்திரமோகன் தன் ஷூவில் ஒட்டியிருந்த கசடைத் தட்டிக்கொண்டிருந்தார். எட்வர்ட் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"பழசுதான் மேடம்."

"அப்ப வேகன் எப்படி நின்னுச்சு?"

"நா எப்பவும் சக்கரத்துக்குக் கட்டை வெச்சிட்டுத்தான் போவேன்." எட்வர்டின் குரல் நடுங்கவில்லை. அது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. "துரைண்ணன் வெக்க மாட்டாரு. அவரு மறந்துட்டுப் போனா, அப்பால நாந்தான் போயி வெப்பேன். வயசாச்சி, பாவம்னு யார்ட்டயும் சொல்லல."

சின்னதுரைக்கு நாற்பத்தாறு வயசு.

திலகவதி எழுதிக்கொண்டார். போகும்போது சின்னதுரையிடம் நின்று, "சக்கரத்துக்குக் கட்டை வைக்காம போறது பெரிய தப்புங்க" என்றார். குரலில் கடுமை இல்லை. அதுதான் சின்னதுரையை அதிகம் அடித்தது போலிருந்தது.

ஐந்து பேரும் கேட்டை நோக்கி நடந்தார்கள். சின்னதுரை மட்டும் கொஞ்சம் பின்தங்கினார்.

"பரவால்லடா" என்றார். "வெச்சவன்னு சொல்லிக்கினது கூட சரி. என்ன எதுக்குடா வெக்காதவன்னு சொன்ன? அத்த மேனேஜரு கூட கேக்கலியே."

எட்வர்ட் இன்ஜின் படியில் ஏறிக்கொண்டான்.

அடுத்த வாரமே அதே லாரி, அதே ஆட்கள், அதே ஜாக்கி. தண்டவாளம் பழைய மட்டத்துக்கு இறங்கியது. அப்படி ஒரு இறக்கத்தில் நிஜமாக வண்டி ஓட்ட யாருக்குத் தைரியம் வரும். புது காண்ட்ராக்ட் கம்பெனி ஒன்று சத்தமில்லாமல் டிரைவர்களை இறக்கியது. பீகார்ப் பையன்கள். எட்வர்ட் கையில் பர்மனென்ட் ஆர்டரோடு இன்ஜின் கொட்டகைக்குப் போனபோது, அவனுடைய நாற்காலியில் ஒருவன் உட்கார்ந்து மாவாப் புகையிலை போட்டுக்கொண்டிருந்தான்.

"உனக்கு அங்கே வேலை இல்லை" என்றார் சந்திரமோகன். "வேற வேலை வச்சிருக்கேன். குப்புராஜும் நானும் சேர்ந்து இந்த டெஸ்ட்டை மத்த கம்பெனிக்கும் கொடுக்கப் போறோம். நல்ல கிராக்கி. அத்திப்பட்டு பக்கம் ஒரு நிலக்கரி யார்டு, அவனுக்குத்தான் முதல்ல. டிரைவருங்க உள்ளே வர்றதுக்கு முன்னாடி, அதிகாரிங்க முன்னாலே நீ ஓட்டிக் காட்டணும். அனுபவம் இருந்தா நிறுத்த முடியும்னு அவங்களுக்குத் தெரியணும்."

"அவ்ளோதானா சார்?"

"அவ்வளவுதான். உனக்கு அப்புறம் எவனும் நிறுத்தக் கூடாது. எவனாவது நிறுத்தினா, இறக்கம் வெளியே போயிடுச்சுன்னு அர்த்தம். அது தெரிஞ்சவங்க ரெண்டே பேர். நீ, உன் பொண்டாட்டி. அன்னிக்கு உன் பர்மனென்ட்டும் போகும், அவ வேலையும் போகும். அதிகாரிகிட்டே பொய் சொன்ன கேஸ் தனி."

எட்வர்ட் வீட்டுக்கு வந்து ஹெலனிடம் சொன்னான். அவள் ஏற்கெனவே அத்திப்பட்டுப் பாதையைக் கட்ட ஆரம்பித்திருந்தாள். குப்புராஜ் காலையிலேயே சொல்லிவிட்டாராம்.

"உன்னுது நல்ல வேலடி" என்றான் எட்வர்ட். "வெயிலு இல்ல, புழுதி இல்ல."

"வாய மூடு. இங்க பாரு, கன்வேயர் தூணுக்கு அந்தப் பக்கம் இறக்கம் வெச்சிருக்கேன். சரியா கீதா?"

அவன் குனிந்து பார்த்தான். டிரைவர்கள் அந்த இடத்தில் தலையைத் திருப்பி எதைப் பார்ப்பார்கள் என்று யோசித்தான். நிலக்கரி கொட்டுகிற வாயைப் பார்ப்பார்கள். சரியான இடம்தான்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சிலிருந்து வந்து பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எட்வர்டின் போன் அடித்தது. சின்னதுரை.

எடுக்க வேண்டாம் என்று ஹெலன் தலையை ஆட்டினாள். எட்வர்ட் ஸ்பீக்கரில் போட்டான்.

"எட்வர்டு, நாந்தான்டா. துன்னுனு கீறியா?"

"இல்லண்ணே. சொல்லு."

"அன்னிக்கு நடந்தத உடு. நா மறந்துட்டேன். உன் அண்ணி இன்னும் திட்டிக்கினு கீறா, அத்த கண்டுக்காத." சிரிக்கப் பார்த்தார். "எனுக்கு இங்க அத்திப்பட்டு பக்கம் கரி யார்டுல வேல கெட்சிக்கிது. பழைய சூப்பர்வைசரு ஒர்த்தன் உள்ள உட்டான். சேந்து பத்து நாளு கூட ஆவல, டெஸ்டுன்றானுங்க. அதே நாற்காலி. அதே பொம்ம வண்டி. உன் ஊட்டுக்காரிதான் பாத கட்டுதுன்னு கேள்விப்பட்டேன்."

எட்வர்ட் ஒரு எலும்பை எடுத்துக் கடித்தான்.

"இத்த உட்டா எனுக்கு வேற எடமில்லடா. ஃபெயிலானவன்னு சிப்காட் பூரா பேர் பூட்ச்சி. பேஜாராய்ட்ச்சி. எங்க அமுக்கணும்னு மட்டும் சொல்லு. ஒர்த்தர்ட்டயும் மூச்சு உட மாட்டேன். எம் புள்ளைங்க மேல சத்தியம்."

ஹெலனின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. எட்வர்டின் முகத்தைப் பார்த்தாள். அவன் எலும்பைத் தட்டின் ஓரத்தில் வைத்தான். கையை நக்கித் துடைத்துக்கொண்டான்.

"கன்வேயர் தூணு தெரியும்ல அண்ணே?"

"தெரியும், தெரியும்."

"அத்த தாண்டி இறக்கம். தூணு கண்ல பட்டதும் அமுக்கு. பாதி கீதி வாணாம், நல்லா அமுக்கு. அங்கயே வேகத்த கொன்னுடணும். அப்பால தானா உருண்டுக்கினு போயி கோட்டுல நிக்கும்."

"தூணு பட்டதும். நல்லா அமுக்கணும்." சின்னதுரை மனப்பாடம் செய்கிற மாதிரி இரண்டு தடவை சொன்னார். அவர் குரல் இளகிவிட்டது. "நீ நல்லா இருப்படா. அன்னிக்கு உன்ன ராங்கா நெனச்சிட்டேன். ஊட்டுக்காரிய கேட்டேன்னு சொல்லு."

போன் அணைந்தது.

ஹெலன் மெதுவாகக் கேட்டாள். "சொல்லிட்டியா? அவரு நிறுத்திட்டாருன்னா நம்ம கதி?"

"நிறுத்த மாட்டாரு." எட்வர்ட் எழுந்து போய் லேப்டாப்பைத் திறந்து அவள் முன்னால் வைத்தான். கன்வேயர் தூணில் விரலை ஊன்றினான். "இங்க இறக்கத்த எட்த்துடு. ஏத்தம் வை. சொன்ன மாதிரி தூணுலயே முழுசா அமுக்குவாரு. நா சொன்னா அந்தாளு அப்பிடியே செய்வாரு. ஏத்தத்துல வண்டி செத்துடும். கோட்டுக்கு எட்டாம நிக்கும். ஒரே தடவதான, மறுபடியும் கெளப்ப உட மாட்டானுங்க."

"மத்த டிரைவருங்க?"

"அவனுங்க இன்னா, மட்டம்னு நெனச்சி வர்றவனுங்க. அவனுங்களும் நடு வழில நிப்பானுங்க. நா ஓட்டிக் காட்டும்போது தூணுல கொஞ்சம் முடுக்கிக்குவேன்."

ஹெலன் இடது கையால் மவுஸை எடுத்தாள். வலது கையில் சோறு ஒட்டியிருந்தது.

இறக்கத்தை ஏற்றமாக்குவது பெரிய வேலை இல்லை. எண்ணுக்கு முன்னால் இருக்கிற கழித்தல் குறியை அழித்தால் போதும்.

அழித்தாள்.